ஆட்டைத் தள்ளிவிடுவது யார்?

என் வீட்டுக்காரர் செய்வதில் குற்றம் கண்டுபிடிப்பதுதான் என் வேலை. இதைச் சொன்னால், எல்லாப் பெண்டாட்டிக்கும் அதுதானே வேலை என்று சிரிப்பார்கள். எனக்கு அதற்குச் சம்பளம் உண்டு.

நாங்கள் இருவரும் ஒரே அலுவலகம். அலுவலகம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்கு மேலே இரண்டு அறைகள், கீழேயிருந்து நாள் முழுக்கக் கேட்கும் துளைக்கிற சத்தம். பத்திரிகைகள் தங்கள் செய்தியை இணையத்தில் வெளியிடுவதற்கான மென்பொருளை இங்கே செய்கிறோம். உள்ளே செய்தியைத் தட்டி, படத்தை ஏற்றி, 'வெளியிடு' என்ற பொத்தானை அழுத்தினால் அது வாசகர் கண்ணில் படும். அந்த மென்பொருளை எழுதுபவர் என் வீட்டுக்காரர். அது ஒழுங்காக ஓடுகிறதா என்று சோதிப்பவள் நான். அதை விற்பவர் முதலாளி. ஆக மூன்றே பேர். புருஷன் பெண்டாட்டி என்று வாடிக்கையாளருக்குத் தெரிந்தால் குடும்பக் கடை என்று நினைத்துவிடுவார்கள் என்பது முதலாளியின் கவலை. அதனால் அலுவலகத்தில் நான் அவரை 'சார்' என்பேன், அவர் என்னை 'மேடம்' என்பார். காலையில் ஒரே வண்டியில் வந்து இறங்கி, படியேறும்போதே சார் மேடம் ஆகிவிடுவோம்.

இந்த வேலை எனக்கு உயிர். சின்ன வயதிலிருந்தே எதைப் பார்த்தாலும் அதில் என்ன கோணல் என்றுதான் என் கண் போகும். வீட்டில் அதற்குப் பெயர் வாய்த்துடுக்கு. இங்கே அதையே அறிக்கையாக எழுதினால் 'நல்லா கவனிச்சிருக்கீங்க' என்கிறார்கள்.

போன முறை புதிய பதிப்பைக் கொடுத்தபோது 'வெளியிடு' பொத்தான் வேலை செய்யவில்லை. நான் கையால் அழுத்திப் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது. அதன் பிறகு சார், 'ஒரே ஒரு சின்ன மாத்தம்' என்று ஏதோ செய்திருக்கிறார். எங்களுடைய ஒரே பெரிய வாடிக்கையாளரான நாளிதழ், அரை நாள் ஒரு செய்தியும் போட முடியாமல் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. முதலாளி போனில் கேட்ட வசவை இங்கே எழுத முடியாது.

அப்படி வந்ததுதான் தானியங்கிச் சோதனை. நான் உட்கார்ந்து ஒவ்வொரு பொத்தானாக அழுத்துவதற்குப் பதிலாக, நான் எழுதி வைத்த நிரல் மணிக்கு ஒரு தடவை தானே உள்ளே நுழைந்து எல்லாவற்றையும் அழுத்திப் பார்த்துவிடும். எல்லாம் சரியென்றால் சுவரில் பச்சை விளக்கு எரியும். ஒன்று பிசகினாலும் சிவப்பு. விளக்கு முதலாளியின் யோசனை. அறிக்கை படிக்க அவருக்குப் பொறுமை கிடையாது.

அந்தச் சோதனைகளில் ஒன்று, ஏற்கெனவே வெளியான பழைய செய்தி அப்படியே இருக்கிறதா என்று பார்ப்பது. மென்பொருளை மாற்றும்போது பழைய செய்திகள் சிதைந்துவிடக் கூடாது இல்லையா? அதற்கு நிரந்தரமாக ஒரு செய்தி வேண்டும். மென்பொருளோடு வந்த மாதிரிப் படங்களில் ஓர் ஆட்டின் படம் இருந்தது. அதை வைத்து நானே எழுதினேன். ஓர் ஆடு மேய்ந்துகொண்டிருந்தபோது பாழுங்கிணற்றில் விழுந்தது. அதன் சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தார் கூடினார்கள். மீட்கும் பணி தொடர்கிறது. அதற்குள் டீ வந்துவிட்டது. ஆடு கிணற்றிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் சமைக்கும்போதே பாத்திரம் கழுவுகிற ரகம். சோற்றை வடித்தவுடன் பானை கவிழ்ந்திருக்க வேண்டும். சோதனையையும் அப்படித்தான் எழுதினேன். ஓடி முடிந்ததும் என்ன ஆகியிருந்தாலும் சரி, அப்போதிருக்கும் ஆட்டுச் செய்தியை அழித்து, நான் முதலில் எழுதியதையே அச்சு அசலாகத் திரும்ப வைத்துவிட்டுத்தான் அது வெளியே வரும். இதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை.

முதல் சில நாள் பச்சை விளக்கு அழகாக எரிந்தது. பிறகு ஒருநாள் பதினோரு மணி டீ குடித்து முடித்த சமயம், சிவப்பு. என்னவென்று பார்த்தால், 'ஆட்டுச் செய்தி பழையபடி இல்லை' என்றிருந்தது. பதறிப்போய்த் திறந்து பார்த்தேன். செய்தி பழையபடிதான் இருந்தது. ஆடு கிணற்றில், அக்கம்பக்கத்தார் மேலே. அடுத்த மணிக்குப் பச்சை.

மறுநாளும் அதே கூத்து. அதற்கு மறுநாளும்.

"சார், உங்க மென்பொருள் செய்தியத் தின்னுது" என்றேன்.

"தின்னா எப்படி மேடம் அடுத்த மணிக்குத் திரும்ப வரும்? கக்கிடுதா?"

"அத நீங்கதான் சொல்லணும். எழுதினது நீங்கதான?"

"தானா வந்து தானா போற கோளாறு நான் எழுதின கோட்ல கிடையாது. உங்க சோதனைக்குத்தான் கிறுக்குப் பிடிச்சிருக்கு."

யார் எப்போது எதைத் திருத்தினார்கள் என்று மென்பொருளே காட்டிக்கொடுத்தால் அப்போதே விஷயம் முடிந்திருக்கும். அந்த வசதி அடுத்த பதிப்பில் வருவதாக இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அது அடுத்த பதிப்பில்தான் வருவதாக இருக்கிறது.

புதன்கிழமை முதலாளி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். நாளிதழிலிருந்து போன். வெள்ளிக்கிழமை புதிய பதிப்பைக் கொடுப்பதாக ஏற்பாடு. அதற்கு முன்னால் பழகிப் பார்க்க செய்திகளைத் திருத்துகிற அவர்களுடைய சப் எடிட்டர் அம்மாவுக்கு முதலாளி கொடுத்திருந்தார். அந்த அம்மா வேண்டும் என்றால் வேண்டும், வேண்டாம் என்றால் வேண்டாம். முடிவு அவர் கையில்.

"அந்தம்மா திருத்தினா நிக்க மாட்டேங்குதாம். சேமிச்சுட்டுப் போனா கொஞ்ச நேரத்துல பழையபடி ஆயிடுதாம்" என்றார் முதலாளி.

நான் துள்ளிக் குதித்தேன். "நான் சொல்லல? செய்தி தன்னால மாறுதுன்னு தலையால அடிச்சுக்கிட்டேன். இப்ப வெளியாளே சொல்றாங்க."

சார் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் முகம் வெளிறிவிட்டது. அவர் எழுதும் நிரலைக் கோடு என்பார்; அவருக்கு அது பெற்ற பிள்ளை மாதிரி.

முதலாளி நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார். "இங்க பாருங்க. ஒண்ணு சார் எழுதினதுல தப்பு. இல்ல மேடம் சோதிச்சதுல தப்பு. வெள்ளிக்கிழமை அந்தம்மா இங்கயே வராங்க. அதுக்குள்ள விளக்கு பச்சையா நிக்கணும், யார் மேல தப்புன்னும் தெரியணும். அவங்க கைவிட்டுட்டா ரெண்டு பேரையும் வெச்சுக் காப்பாத்த எனக்கு வழி இல்ல. தப்பு யார் மேலயோ, அவங்க கிளம்ப வேண்டியதுதான்."

அவர் கெட்டவர் இல்லை. சொல்லும்போது எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் சொன்னது சொன்னதுதான். எங்கள் வீட்டிலிருந்து ஒருவர் கிளம்ப வேண்டும்.

அன்றும் மறுநாளும் சார் தன் கோடு முழுவதையும் வரி வரியாகப் படித்தார். நான் என் சோதனையை வரி வரியாகப் படித்தேன். இரண்டு பேருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. வண்டியில் நான் அவர் தோளைப் பிடிக்கவில்லை, பின்னால் இருக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு அவர் மேல் கோபம், அதைவிடப் பயம். ஒருவேளை அவர் கோட்டில்தான் தப்பு என்று நான் நிரூபித்துவிட்டால்? நிரூபித்துவிட்டு எந்த மூஞ்சியோடு அவருக்குத் தட்டு வைப்பேன்?

வியாழக்கிழமை சாயங்காலம் அந்த யோசனையிலேயே அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோனேன். அடிப்பிடித்துவிட்டது. சட்டென்று இறக்கி, கொட்டி, தேய்த்து, பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே அவர் சமையலறைக்குள் வந்தார்.

"என்ன தீஞ்சுது?"

"ஒண்ணுமில்ல."

"நாத்தம் கூடம் வரைக்கும் வருது. எது தீஞ்சுதுன்னு பாக்கலாம்னா அதுக்குள்ள கழுவிக் கவுத்துட்ட. இந்த வீட்ல என்ன நடந்துதுன்னு ஒரு நாளும் கண்டுபிடிக்க முடியாது."

முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார். நான் கவிழ்த்த பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பளபளவென்று இருந்தது. பால் தீய்ந்ததற்கு ஒரு பொட்டு அடையாளம் இல்லை. என் சோதனையும் இதைத்தானே செய்கிறது! என்னவோ ஆகிறது, சிவப்பு விளக்கைப் போடுகிறது, நான் எட்டிப் பார்ப்பதற்குள் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிடுகிறது. பிறகு நான் போய்ப் பளபளவென்ற செய்தியைப் பார்த்துவிட்டு, எங்கே தப்பு, எங்கே தப்பு என்று மண்டையை உடைத்துக்கொள்கிறேன்.

அவரிடம் சொல்லவில்லை. எது வெளியே வரப்போகிறதோ என்ற பயம்தான்.

வெள்ளிக்கிழமை அலுவலகம் போனதும் முதல் வேலையாக, திரும்ப வைக்கும் அந்த வரியை நிறுத்தினேன். பதினோரு மணி டீ வந்தது. குடிக்கவில்லை. அடுத்த சோதனை ஓடியது. சிவப்பு. ஆட்டுச் செய்தியைத் திறந்தேன்.

தலைப்பே மாறியிருந்தது. 'கிணற்றில் விழுந்த ஆடு மீண்டும் பத்திரமாக மீட்பு.' கீழே நான் எழுதிய முதல் இரண்டு வரி மட்டும் அப்படியே இருந்தது. அதற்கு அப்புறம் இப்படிப் போயிற்று:

'ஆடு கயிறு கட்டி மேலே தூக்கப்பட்டது. அதற்குக் காயம் எதுவும் இல்லை. தண்ணீர் குடித்தது. கிணறு பலகை போட்டு மூடப்பட்டுவிட்டது. இனி அந்தப் பக்கம் ஆட்டை ஓட்டிச் செல்வதில்லை என்று உரிமையாளர் உறுதி கூறினார். இதற்கு மேலும் இந்த ஆட்டைத் திரும்பத் திரும்பக் கிணற்றில் தள்ளுகிறவர் யாராக இருந்தாலும் அவர் மனிதரே அல்ல.'

சாரின் மென்பொருள் எவ்வளவு பொல்லாததாக இருந்தாலும் இவ்வளவு கோர்வையாக எழுத அதற்கு வராது. இது மனிதர் எழுதியது. மென்பொருளைப் பழகிப் பார்ப்பதற்காக உள்ளே வந்த ஒரே மனிதர் அந்தச் சப் எடிட்டர் அம்மாதான். அவர் தினமும் டீ குடித்துவிட்டு ஆட்டைத் தூக்கி மேலே விட்டிருக்கிறார். ஒரு மணி நேரத்துக்குள் நான் அதைத் திரும்ப உள்ளே தள்ளியிருக்கிறேன். அவர் திருத்தினால் நிற்காததற்குக் காரணம் நான். என் விளக்கு சிவப்பானதற்குக் காரணம் அவர். நடுவில் பாவம், சாருடைய கோடு ஒரு தப்பும் செய்யாமல் இரண்டு பக்கத்து ஏச்சையும் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

அப்படியென்றால் கிளம்ப வேண்டியது நான்தான். சாரைக் கூப்பிட வாயெடுத்தேன். அதற்குள் படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

சப் எடிட்டர் அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். கண்ணாடியைக் கழுத்துச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தார். முதலாளி இழுத்துப் போட்ட நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். வேறு நாளாக இருந்தால் எனக்கு அவரை உடனே பிடித்துப்போயிருக்கும்.

"நான் சுத்தி வளைச்சுப் பேச வரல. ஒரு செய்தியத் திருத்திச் சேமிச்சா அது நிக்கணும். நிக்கலன்னா உங்க மென்பொருள் எங்களுக்கு எதுக்கு?" என்றார்.

முதலாளி சாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சுவரில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் பேசுவதற்குள் சார் எழுந்து நின்றுவிட்டார்.

"தப்பு என்னுதும்மா. சேமிக்கிற எடத்துல ஒரு கோளாறு. ரெண்டு பேர் ஒரே சமயத்துல சேமிச்சா, பின்னால வந்தது முன்னால போய், பழசு மேல ஏறி... அது ஒரு பெரிய கதைம்மா. நான்தான் கவனிக்கல. மேடம் முன்னாலயே சொன்னாங்க."

நான் அவரையே பார்த்தேன். அப்படி ஒரு கோளாறு இல்லவே இல்லை. அந்த இடத்தை நான் எத்தனை விதமாக அடித்துப் பார்த்திருக்கிறேன் என்று எனக்குத் தெரியும்; அவருக்கும் தெரியும். நேற்று வரை ஒரு கமாவைக்கூட விட்டுக்கொடுக்காத மனுஷன், எழுந்து நின்று பொய் சொல்கிறார்.

"சார், சும்மா இருங்க. அந்த எடத்துல கோளாறு கிடையாது" என்றேன்.

"இருக்கு மேடம்."

"இல்ல சார். நான் சோதிச்சிருக்கேன்."

"எழுதினது நான். எனக்குத் தெரியாதா?"

"எழுதினா ஆச்சா? நாலு மாசமா உக்காந்து ஓட்டை தேடினது யாரு? அதுல ஓட்டை இல்ல. இருந்தா நான் விட்டிருப்பேனா? உங்க கோட்ல குத்தமே இல்ல, போதுமா? ஏங்க இப்படி இல்லாத பழிய இழுத்துத் தலையில போட்டுக்கறீங்க?"

"நீ வாய மூடிட்டுக் கொஞ்சம் இரேன்டி!"

கீழே துளைக்கிற சத்தம்கூட நின்றுவிட்டது. சப் எடிட்டர் அம்மா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"புருஷன் பொண்டாட்டியா?"

முதலாளிக்கு இருமல் வந்தது.

"ஆமாம்மா. தப்பு இவரோடது இல்ல. ஆட்டத் திரும்பத் திரும்பக் கிணத்துல தள்ளினது நான்தான்" என்றேன்.

அந்த அம்மா மாட்டிய கண்ணாடியைக் கழற்றினார். பிறகு, "நீயா?" என்றார். "பாத்தா நல்ல பொண்ணாட்டம் இருக்க. வாயில்லா ஜீவனை ஏம்மா இப்படிப் பண்ணின?"

"நான் நேரா பண்ணலம்மா. மணிக்கு ஒரு தடவ சோதனை ஓடும். ஓடி முடிஞ்சதும் செய்திய மொதல்ல இருந்தபடி வெச்சுடும். நீங்க அதத் திருத்தறீங்கன்னு எனக்குத் தெரியாது."

"தெரியாதா? மொத நாள் தூக்கி விட்டேன். மறுநாள் வந்து பாத்தா உள்ள கெடக்கு. சரி, திரும்ப விழுந்திருக்கும்னு திரும்பத் தூக்கினேன். அப்புறம் கிணத்துக்குப் பலகை போட்டேன். பலகையோட தள்ளிவிட்டா நான் என்னதான் பண்றது? ராத்திரி படுத்தா அது கத்தறது காதுல கேக்குது."

"ஆடே இல்லம்மா. நானா எழுதினது."

"படம் இருக்கே."

"படம் மென்பொருளோட வந்தது."

"கிணறு?"

"கிணறும் இல்லம்மா."

அவர் முகத்தில் கோபம் வரும் என்று நினைத்தேன். முதலில் நிம்மதிதான் வந்தது. ஒரு பெருமூச்சு விட்டார். கோபம் அதற்குப் பின்னாலேயே வந்தது, ஆனால் என் பக்கம் வரவில்லை.

"அப்ப சோதனை ஓடற எடத்துலயே எங்களையும் எதுக்கு விட்டீங்க? எங்களுக்குன்னு தனியா ஒரு எடம் குடுத்திருக்கலாமே?"

சார் என்னைப் பார்த்தார். நான் சாரைப் பார்த்தேன். பிறகு இரண்டு பேரும் முதலாளியைப் பார்த்தோம். சோதனைக்கு ஒன்று, பழகிப் பார்க்க ஒன்று என்று இரண்டு இணையத்தளம் வேண்டும் என நான் கேட்டபோது, 'ஒரு வீட்டுக்கு ரெண்டு சமையலறை எதுக்கு மேடம்?' என்று கேட்டவர் அவர். சரி, இருக்கிற ஒன்றில் நுழைவது நாங்கள் மட்டும்தானே என்று நானும் விட்டுவிட்டேன். அதே தளத்தின் கடவுச்சொல்லை அவர் இந்த அம்மாவுக்கும் கொடுத்திருக்கிறார். எங்களிடம் அதைச் சொல்லவில்லை; நாளிதழின் கணினியிலேயே போட்டுக் கொடுத்திருப்பார் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

"சார்" என்றார் என் வீட்டுக்காரர், ரொம்பப் பணிவாக. "தப்பு யார் மேலயோ அவங்க கிளம்பணும்னு சொன்னீங்களே."

முதலாளி எழுந்தார். "நான் கீழ போய் டீ சொல்லிட்டு வரேன்" என்று கிளம்பிவிட்டார்.

அவர் டீயோடு திரும்புவதற்குள் சப் எடிட்டர் அம்மா முடிவு சொல்லிவிட்டார். "நான் சேமிச்சப்பல்லாம் சரியாத்தான் சேமிச்சிருக்கு. இந்தப் பொண்ணுதான் அழிச்சா. அப்படின்னா மென்பொருள் நல்லாத்தான் இருக்கு. எடுத்துக்கறோம். தனி எடம் வேணும். அதோட இன்னொண்ணு."

"சொல்லுங்கம்மா."

"ஆடு வெளிய வரணும்."

"அது வெறும் சோதனைச் செய்திம்மா..."

"எதுவா வேணா இருக்கட்டும். மணிக்கு ஒரு தடவ எதையாவது திரும்பத் திரும்பப் பண்ணித்தான ஆகணும்? தள்ளிவிடறதுக்குப் பதிலா தூக்கி விடேன். உனக்கு என்ன கொறஞ்சுது?"

நான் ஆட்டுச் செய்தியைத் திறந்தேன். அவரே என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். கயிறு, தண்ணீர், பலகை, உரிமையாளரின் உறுதிமொழி. மனிதரே அல்ல என்ற வரியை மட்டும் அவராகவே எடுத்துவிடச் சொன்னார். இனிமேல் செய்தி மாறியிருந்தால் கழுவுவதற்கு முன்னால் அதை எனக்குக் காட்டிவிட வேண்டும் என்று சார் ஒரு வரி சேர்த்தார். சோதனையை ஓட்டினோம். பச்சை.

சாயங்காலம் வண்டியில் தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். "எதுக்குங்க தப்ப உங்க மேல போட்டுக்கிட்டீங்க?"

"வேற என்ன பண்றது? நீ வேலைய விட்டுட்டு வீட்ல உக்காந்தா, குத்தம் கண்டுபிடிக்க நான் ஒருத்தன்தான் இருப்பேன்."

சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஹெல்மெட் போட்டிருந்ததால் அவருக்குத் தெரியாது. 'உங்க கோட்ல குத்தமே இல்ல' என்று நாலு பேர் முன்னால் சொன்னதை அவர் அதற்குப் பிறகு ஒரு தடவைகூட எடுத்துப் பேசவில்லை. ஆனால் அந்த வாரம் முழுக்கக் காலையில் எழுந்ததிலிருந்து சீட்டியடித்துக்கொண்டிருந்தார்.

நாளிதழுக்குத் தனித் தளம் போட்டாயிற்று. புதிய பதிப்பு ஓடுகிறது. சப் எடிட்டர் அம்மாவுக்கு இப்போது எங்கள் சோதனைத் தளத்தைப் பார்க்க வழியில்லை. அதனால் அவ்வப்போது பதினோரு மணி டீ முடிந்ததும் போன் செய்கிறார்.

"ஏம்மா, அது எப்படி இருக்கு?"

எல்லாம் நானே எழுதி வைத்தது என்று சொல்லலாம். சொல்வதில்லை. போனைக் காதில் வைத்தபடியே சுவரைத் திரும்பிப் பார்த்து, விளக்கு பச்சைதானா என்று நிச்சயப்படுத்திக்கொண்ட பிறகுதான் பதில் சொல்கிறேன்.

"மேலதான்மா இருக்கு. மேயுது."